ஹெச்.பி. மட்டும் பார்த்து வண்டி வாங்காதீங்க

சந்தைக்குக் காய் ஏற்ற வண்டி வாங்கப் போகும் நம்ம உழவர்கள் முதலில் கேட்பது, “எத்தனை ஹெச்.பி.?” என்றுதான். அந்த ஒரு எண்ணை வைத்து வண்டியை எடைபோட முடியாது. நூறு வருசப் பழைய பந்தயக் கார் ஒன்றைப் பிக்அப் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் விசயம் விளங்கும்.

பிரான்சில் புகாட்டி கம்பெனி செய்த ‘டைப் 35’ கார் 1924-இல் லியோன் பந்தயத்தில் முதன்முதலாக இறங்கியது. இரண்டு லிட்டர் எஞ்சின், சுமார் 90 குதிரைத்திறன். சிசிலித் தீவின் மலைப்பாதையில் நடந்த டார்கா ஃபுளோரியோ பந்தயத்தை 1925 முதல் 1929 வரை ஐந்து வருசமும் இந்த வகைக் கார்களே ஜெயித்தன. நம்ம பொலேரோ பிக்அப்பில் இருப்பது இரண்டரை லிட்டர் டீசல் எஞ்சின். திறன் ஏறத்தாழ 75 தான். எண்ணில் பந்தயக் கார்தான் பெரிசு.

ஆனால் அந்த 90 வர, புகாட்டி எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றை நெருங்க வேண்டும். எஞ்சின் முறுக்கும் பலத்தை மெக்கானிக்குகள் டார்க் என்பார்கள். அதைச் சுற்றும் வேகத்தோடு பெருக்கித்தான் குதிரைத்திறன் கணக்காகிறது. பலம் கொஞ்சமாக இருந்தாலும் வேகமாகச் சுற்றினால் எண் பெரிதாகிவிடும். கணக்குப் போட்டால் அந்தச் சுற்றில் புகாட்டியின் டார்க் 107 நியூட்டன் மீட்டர் அளவுதான். பிக்அப்போ 1,400 சுற்றிலேயே 200-ஐத் தொடுகிறது. ஈர வரப்போரம் லோடோடு நிற்கும் வண்டியைக் கிளப்புவது இந்தப் பலமும், தாழ்ந்த முதல் கியரும்தான்.

புகாட்டியின் எடை சுமார் 750 கிலோ. ஒன்றரை டன் ஏற்றும் பிக்அப்புக்கு அது பாதி லோடு!

அந்தக் காலப் பந்தயக் கார்கள் பலவற்றின் எஞ்சினுக்கு ஊற்றியது நம்ம ஆமணக்கெண்ணெய். கடுஞ்சூட்டிலும் வழவழப்பு போகாது. நாள்பட்டால் பிசினாக இறுகும், அதனால் அடிக்கடி வடித்து மாற்றணும். பந்தயத்துக்கு அது சரி. தினம் விடியற்காலையில் சந்தைக்கு ஓடும் வண்டிக்குக் கட்டுப்படியாகாது. பார்த்துப் பார்த்து ஊட்டினால்தான் விளையும் வீரிய விதை மாதிரித்தான் இதுவும்.

ஆகவே கடைக்காரரிடம் டார்க் எவ்வளவு, எத்தனை சுற்றில் வருகிறது என்று கேளுங்க. ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடையும் வெற்று எடையும் போட்டிருக்கும். முதலாவதில் இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் ஏற்றலாம் என்ற அளவு. ஓட்டுநரும் கூட வரும் ஆளும் அதற்குள் அடக்கம்.