ஏழாம் மாதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்

புதுச்சேரி கதிர்காமத்தில் ஒரு வீட்டில் வளைகாப்பு என்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். வாசலில் ஷாமியானா, கை நிறைய கண்ணாடி வளையல், புளி சாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் என்று வரிசையாகத் தூக்குகள். அந்த அன்பில் நான் குறை காண மாட்டேன். அது வருகிற நேரம்தான் என் ஆதங்கம். ஏழாம் மாதத்தில் வாரிக் கொட்டுகிற கவனிப்பு, கருத்தரிப்பதற்கு முன்னால் இல்லை. பிள்ளை பிறந்த மறுநாளே அது பத்தியமாகச் சுருங்கிவிடுகிறது.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரி தூரமில்லை. ஊருக்குள்ளேயே இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர். போய்ச் சேரும் காலம்தான் தாமதமாகிறது.

நாள் தள்ளிப்போகும் முன்பே

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற நரம்புக்குழல், கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆவதற்குள் அந்த வேலை முடிந்துவிடும். பல பெண்கள் அப்போதுதான் சந்தேகப்படவே ஆரம்பிக்கிறார்கள். முதல் தடவை டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கும்போது, அந்த 28 நாள் கடந்துபோயிருக்கும்.

அதனால்தான் பிள்ளைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தொடங்கி, மூன்றாம் மாதம் முடியும்வரை எடுக்கச் சொல்கிறார்கள். 1991-ல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, முன்பு நரம்புக்குழல் சரியாக மூடாத குறையோடு குழந்தை பெற்ற தாய்மார்களுக்கு அதிக அளவு ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்தது. மறுபடியும் அப்படி நேர்வது 72 சதவீதம் குறைந்தது. அப்படிப்பட்ட தாய்மார்கள் அளவை டாக்டரிடம் கேட்டே எடுக்க வேண்டும்.

இந்தச் சத்தின் கதைக்கும் நம் மண்ணுக்கும் உறவு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1920-களின் கடைசியில் பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்களின் கர்ப்பகால ரத்தசோகையை ஆராய வந்தார். குன்னூரிலும், பிறகு சென்னையில் இன்றைக்குக் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருக்கிற இடத்திலும் வேலை செய்தார். ஈஸ்ட் சாற்றில் அந்தச் சோகையைத் தீர்க்கிற ஏதோ ஒன்று இருப்பதைக் கண்டார். அதுதான் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளை தங்கவில்லை என்றால் மருமகளை மட்டும் டாக்டரிடம் அழைத்துப் போகாதீர்கள். விந்துப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. அதையும் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும். விந்தணு உருவாக ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதனால் ஆண் புகையையும் குடியையும் விட்டால், பலன் தெரியவும் அவ்வளவு காலம் பிடிக்கும். ஒரு வருஷம் முயன்றும் கரு நிற்கவில்லை என்றால் இருவரும் சேர்ந்து போங்கள். பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே போங்கள்.

அந்தச் சிவப்பு மாத்திரை

எங்கள் உறவுப் பெண் ஒருத்தியின் கைப்பையில் பிரிக்காத மூன்று இரும்புச்சத்து மாத்திரை அட்டைகளைப் பார்த்தேன். ஏனம்மா என்று கேட்டேன். "வயித்தப் பொரட்டுது அத்தை. வெளிக்குப் போனா கறுப்பா வருது. இதப் போட்டா புள்ள கறுப்பாப் பொறக்கும்னு வேற சொல்றாங்க" என்றாள். ஐந்தாம் மாதம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டரை கிராம்தான் இருந்தது. கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறைந்தாலே அது சோகை.

மலம் கறுப்பது, உடம்பு எடுத்துக்கொள்ளாமல் விட்ட இரும்பால். குழந்தையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. வயிற்றைப் புரட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கப் போகும்போது போடலாம். டீ, காபியோடு போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடக்கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாகச் சேரும். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் எட்டரையைப் பதினொன்றாக்க அது மட்டும் போதாது. அரசு சொல்கிற கணக்கு, நான்காம் மாதம் முதல் 180 நாள், பிள்ளை பெற்ற பிறகும் 180 நாள். அந்த இரண்டாவது 180 நாளைப் பல வீடுகளில் யாரும் ஞாபகப்படுத்துவதே இல்லை.

"ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்று சோற்றை இரட்டிப்பாக்க வேண்டாம். நாளுக்குக் கூடுதலாக வேண்டியது 350 கலோரிதான். சாம்பாரோடு இரண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு தம்ளர் பால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். குங்குமப்பூ நிறம் தராது. சர்க்கரைப் பரிசோதனையைத் தவற விடாதீர்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது கர்ப்பகால நீரிழிவு.

பால் சுறாவும் பத்தியமும்

கடலோர ஊர் நம்முடையது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று சுறாப் புட்டு செய்துபோடாத அம்மா இங்கே அபூர்வம். பூண்டும் மிளகும் போட்டு உதிர்த்த அந்தப் புட்டின் வாசனை எனக்கும் பிடிக்கும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். சின்ன மீனைத் தின்று நெடுநாள் வாழ்கிற பெரிய மீன் சுறா. அதன் சதையில் பாதரசம் சேர்கிறது. கர்ப்பத்திலும் தாய்ப்பால் வழியாகவும் அது குழந்தையின் மூளையைப் பாதிக்கக்கூடும் என்பதால், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சுறாவைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். அதே மசாலாவில் மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி செய்யுங்கள். விலையும் குறைவு, குழந்தையின் மூளைக்கு வேண்டிய ஒமேகா கொழுப்பும் கிடைக்கும்.

பால் சுரக்க வைப்பது மீனல்ல, குழந்தையின் வாய். குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட வேண்டும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சேனை வைப்பதையும் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பதையும் விட்டுவிடுங்கள். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம்.

தாய்க்கோ தண்ணீர் கட்டாயம் வேண்டும். குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று தாகத்தோடு கிடக்க விடுவது கொடுமை. பாலூட்டும் முதல் ஆறு மாதம் நாளுக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவை, கர்ப்பத்தில் தேவைப்பட்டதைவிட அதிகம். அந்த நேரத்தில் கீரை கூடாது, பழம் குளிர்ச்சி, பருப்பு வாயு என்று ஒவ்வொன்றாக விலக்கி, ரசம் சாதத்தில் நிறுத்திவிடுகிறோம்.

அவள் அழுதால்

முதல் சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வருவது உண்டு, தானே தீரும். இரண்டு வாரம் கடந்தும் சோகம் விடவில்லை, குழந்தை தூங்கியும் அவளுக்குத் தூக்கமில்லை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் அது நோய். பேய் பிடித்ததும் இல்லை, திமிரும் இல்லை. மருந்தும் பேச்சும் அதைக் குணமாக்கும். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்று அவள் பேசினால் ஒரு நிமிடமும் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

குழந்தையைப் பார்க்க வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். யார் ஜாடை என்று பார்த்து முடித்ததும், குழந்தையைக் கொஞ்ச நேரம் நீங்கள் வைத்துக்கொண்டு அவளை இரண்டு மணி நேரம் தூங்கவிடுங்கள்.