குத்தம்பாக்கம் காட்டும் வழி

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் உருவாகும் பண்டங்கள் தேசதேசாந்தரங்களுக்குப் போக, அதே திருவள்ளூர் மாவட்டத்துக் குடியானவனோ தன் வயலில் விளைந்த வேர்க்கடலையை மலிவாக விற்றுவிட்டு, எங்கோ ஆட்டிய எண்ணெயைப் பாக்கெட்டில் வாங்குகிறான். இந்த விபரீதத்திற்குப் பரிகாரம் தேடியவர், 1996இல் அம்மாவட்டத்தின் குத்தம்பாக்கம் ஊராட்சித் தலைவரான இரசாயனப் பொறியாளர் இளங்கோ ரங்கசாமி. காந்தியடிகளும் காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி.குமரப்பாவும் உபதேசித்த கிராமப் பொருளாதாரத்தை அடியொற்றி, அண்டை ஊர்கள் ஒன்றுசேர்ந்து நித்திய அவசியங்களைத் தாமே உற்பத்தி செய்து, தம்முள் பரிவர்த்தனை செய்துகொள்ள வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். உலக வர்த்தகத்தை நிராகரிப்பதன்று இது. செக்கெண்ணெய்க்கு நாம் தரும் காசு, உழுதவனுக்கும் ஆட்டியவனுக்கும் கூலியாகி ஊரிலேயே மறுபடி செலவாக வேண்டும் என்ற தர்மநியாயமே. ஆகவே, வாங்குமுன் விளைந்த இடத்தையும் விளைவித்தவர் பெற்ற கூலியையும் விசாரிப்பது நம் கடமை.