திரும்பி வருகிற வாடிக்கையாளர்: அயர்லாந்து மளிகைக்காரர் ஃபெர்கல் க்வின்

"இன்று வியாபாரம் எப்படி?" என்று மளிகைக் கடைக்காரரைக் கேட்டால் அவர் கண் தானாகவே கல்லாப் பக்கம் போகும். அதில் தவறில்லை. ராத்திரி கடை கட்டும்போது எண்ணுகிற ரொக்கம்தானே மறுநாள் கொள்முதலுக்கு ஆதாரம்! ஆனால் அயர்லாந்து நாட்டில் ஒரு மளிகைக்காரர், இன்று வந்தவர்களில் எத்தனை பேர் மறுபடி வருவார்கள் என்பதையே முதல் கணக்காக வைத்துக்கொண்டு 45 ஆண்டு காலம் கடை நடத்தினார். பெயர் ஃபெர்கல் க்வின். 1936-ல் டப்ளின் நகரில் பிறந்து 2019-ல் காலமானவர். அவருடைய கடைகளுக்குப் பெயர் 'சூப்பர்க்வின்'. சூப்பர்மார்க்கெட் என்றாலே நம்மவர்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். என்றாலும் இந்த மனிதர் செய்ததெல்லாம் நல்ல தெருக்கடைக்காரர் செய்கிற காரியங்கள்தாம். அதனால்தான் இவரைப் பற்றி இங்கே எழுதத் தோன்றியது.

அவருக்கு இந்தப் பாடம் மளிகைக் கடையில் கிடைத்ததல்ல. டப்ளினுக்கு வடக்கே ஸ்கெரீஸ் என்ற கடற்கரை ஊரில் அவருடைய தகப்பனார் 'ரெட் ஐலண்ட்' என்ற விடுமுறை முகாம் நடத்தி வந்தார். தங்குவது, சாப்பாடு, பொழுதுபோக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. அதையும் ஆரம்பத்திலேயே வாங்கிவிடுவார்கள். இளைஞர் ஃபெர்கல் அங்கே வேலை பார்த்தார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பணம் முழுவதும் முதல் நாளே வந்தாயிற்று. இனி அந்த விருந்தாளியிடமிருந்து கூடுதலாக ஒரு காசு பெயராது, ஆகப்போவதெல்லாம் செலவுதான். குறுக்குப் புத்திக்காரராக இருந்தால் சாப்பாட்டில் கை வைத்து மிச்சம் பிடிப்பார். பெரியவர் க்வின் அப்படிச் செய்யவில்லை. விடுமுறை முடிந்து கிளம்புகிற குடும்பம் அடுத்த ஆண்டுக்கும் இடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பதே அவருடைய குறி. மகன் பின்னாளில் இதற்கு 'பூமராங் கொள்கை' என்று பெயர் வைத்தார். எறிந்தால் எறிந்தவரிடமே திரும்பி வருகிற ஆயுதம் பூமராங்; நம் சிவகங்கைச் சீமையின் வளரிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம்.

1960-ல் டண்டாக் என்ற ஊரில் முதல் கடையைத் திறந்தார். வயது 23. பிறகு டப்ளினுக்கு வந்து, கடைகள் பெருகி, சூப்பர்க்வின் என்ற பெயர் நிலைத்தது. இந்த வளர்ச்சிக் கதையை விரிக்கப் போவதில்லை. எல்லா வெற்றிக் கதையும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். கடைக்குள்ளே என்ன நடந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது.

கல்லாப் பக்கத்து மிட்டாய்

பணம் கட்டும் வரிசைக்குப் பக்கத்தில் மிட்டாயும் சாக்லேட்டும் அடுக்குவது உலகெங்கும் உள்ள வியாபார உத்தி. நம் கடைகளில் மிட்டாய் பாட்டில்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்ல வேண்டியதில்லை! வரிசையில் நிற்கும் தாய், கையைப் பிடித்து இழுக்கும் குழந்தை, வேறு வழியில்லாமல் ஒன்று வாங்கிக் கொடுப்பது என்று லாபம் நல்ல லாபம்தான். க்வின் வாடிக்கையாளர்களைச் சிறு குழுவாகக் கூட்டி உட்கார வைத்து அவர்கள் குறைகளைக் கேட்பதை வழக்கமாக வைத்திருந்தார். அங்கே தாய்மார்கள் இந்த மிட்டாய்த் தொல்லையைச் சொன்னார்கள். அவர் அதை எடுத்துவிட்டார்.

அன்றைய கணக்குப்படி இது நஷ்டம். அவர் பார்த்த கணக்கு வேறு. ஒரு தாய் எரிச்சலோடு கடையை விட்டு இறங்கினால் அடுத்த வாரம் அரை மைல் தள்ளி இன்னொரு கடைக்குப் போவாள். போகிறது ஒரு மிட்டாய் அல்ல, ஒரு வீட்டின் மாத மளிகை. அதே நோக்கத்தில்தான் குழந்தைகளை விட்டுவிட்டுச் சாமான் வாங்க, கவனித்துக்கொள்ள ஆள் வைத்து, கடைக்குள்ளேயே விளையாட்டுக் கூடமும் வைத்தார். அந்த இடத்தில் அலமாரி போட்டுச் சரக்கு அடுக்கியிருந்தால் எவ்வளவு விற்றிருக்கும் என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் கேட்பார்.

இதற்காக நம்மவர்கள் நாளையே மிட்டாய் பாட்டிலைத் தூக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் தெருவில் காசை மூடிக்கொண்டு வருகிற குழந்தையே ஒரு வாடிக்கையாளர்தான். தம் கடைக்கு வருகிறவர்களை எது உறுத்துகிறது என்று கேட்டு, தெரிந்த பிறகு தம் லாபத்தில் கை வைத்தும் அதைச் சரிசெய்தாரே, கவனிக்க வேண்டியது அதுதான்.

தவறு கண்டுபிடித்தால் பரிசு

1990களில் சூப்பர்க்வின் தன் வாடிக்கையாளர்களுக்குப் புள்ளித் திட்டம் ஒன்று கொண்டு வந்தது. வாங்கின சாமானுக்குப் புள்ளி, புள்ளிக்குப் பரிசு. இது இன்று எங்கும் உண்டு. அதோடு அவர்கள் சேர்த்த ஒரு விஷயம்தான் அபூர்வம். கடையில் ஒரு குறையைக் கண்டுபிடித்துச் சொல்கிற வாடிக்கையாளருக்கும் புள்ளி! தள்ளுவண்டிச் சக்கரம் ஆடுகிறதா, தேதி கடந்த சரக்கு அலமாரியில் இருக்கிறதா, சொல்லுங்கள், புள்ளி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

நம் கடைகளில் என்ன நடக்கிறது? துவரம் பருப்பில் வண்டு என்று ஒரு அம்மாள் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால், "மண்டியிலிருந்தே அப்படித்தாம்மா வருது" என்போம். இல்லாவிட்டால், "உங்க டப்பாவில ஈரம் இருந்திருக்கும்" என்போம். மாற்றிக் கொடுத்தாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுப்போம். அந்த அம்மாள் அடுத்த முறை குறை சொல்ல மாட்டார். வரவும் மாட்டார். வாய் திறந்து குறை சொல்கிறவர் நமக்கு இன்னொரு வாய்ப்புத் தருகிறார். பேசாமல் போகிறவர்தான் போயே போகிறார். க்வின் அந்தப் பேசாத கூட்டத்துக்குக் கூலி கொடுத்துப் பேச வைத்தார் என்று சொல்லலாம். ஊதியமில்லாத ஆயிரக்கணக்கான மேற்பார்வையாளர்கள் தினமும் கடையைச் சுற்றி வந்தார்கள். அலமாரியைப் பார்க்கிற பையனுக்கும் கண் கூர்மையாகாமல் இருக்குமா? இதில் ஓர் எச்சரிக்கை மட்டும் என் பங்குக்கு: குறை வெளிப்பட்டதற்காகச் சிப்பந்தியை எல்லார் முன்னும் திட்டினால், மறுநாளிலிருந்து குறையை ஒளிக்கத்தான் கற்றுக்கொள்வான்.

முதலாளி நின்ற இடம்

க்வின்னைத் தேடி வருகிறவர்கள் அவரைப் பல நேரம் கண்டது கல்லா முனையில். வாடிக்கையாளர் பணம் கட்டும்போது அவர்கள் சாமானைப் பையில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பார். நாடறிந்த பணக்காரர், 1980களில் அயர்லாந்து அஞ்சல் நிறுவனத்துக்கே தலைவராக இருந்தவர், 1993 முதல் 2016 வரை அந்நாட்டு மேலவை உறுப்பினர். அவர் பை போட்டது விளம்பரத்துக்காக என்று சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அந்த இடத்தின் அருமை வியாபாரிக்குத் தெரியும். சாமான் எடுத்து முடித்து, கை ஓய்ந்து, வாடிக்கையாளர் ஒரு நிமிஷம் சும்மா நிற்கிற இடம் அது. "தக்காளி கிடைச்சுதா? இன்னிக்கு எதைத் தேடி இல்லாம போச்சு?" என்று கேட்டால் அங்கேதான் பதில் வரும். எந்த அறிக்கையிலும் வராத பதில்.

தம் நிர்வாகிகளும் அறைக்குள் உட்காருவதை அவர் விரும்பவில்லை. தலைமை அலுவலகம் என்று கூட அவர்கள் சொல்வதில்லை. 'துணை அலுவலகம்' என்றே பெயர். கடை நடத்துகிறவர்களுக்குத் துணை நிற்பதுதான் அதன் வேலை என்று பொருள். மழை பெய்தால் சிப்பந்தி குடை பிடித்து வாடிக்கையாளரைக் கார் வரைக்கும் கொண்டுபோய் விடுவார். அயர்லாந்தில் மழைக்குப் பஞ்சமில்லை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்! 1970களிலேயே கடைக்குள் ரொட்டி அடுப்பு போட்டார். வாசனையே பாதி விற்றுவிடும். அதைவிட, ரொட்டி சுடுகிறவர் அதை வாங்குகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறார். முகம் பார்த்துச் செய்த வேலையில் அசட்டை குறையும். பிரிட்டனில் மாட்டு நோய்ப் பீதி கிளம்பியபோது, இறைச்சி எந்தப் பண்ணை மாட்டுடையது என்று மரபணுச் சோதனையால் அறிகிற முறையையும் கொண்டு வந்தார்கள். தமக்குத் தெரிந்த இந்தப் பாடங்களை 1990-ல் 'க்ரவுனிங் தி கஸ்டமர்' என்ற புத்தகமாகவும் எழுதி வைத்தார்.

விற்ற பிறகு

2005-ல் க்வின் குடும்பத்தார் கடைகளை ஒரு முதலீட்டுக் குழுவுக்கு விற்றார்கள். சுமார் 45 கோடி யூரோ என்று அப்போது பேசப்பட்டது. ஆறே ஆண்டு. 2011 ஜூலையில் கடன் கொடுத்த வங்கிகள் நிறுவனத்தைக் கையில் எடுத்துக்கொண்டன. சரக்குப் போட்ட சிறு வியாபாரிகள் பாக்கி வருமா என்று தவித்தார்கள். 24 கடைகளையும் மஸ்கிரேவ் என்ற மொத்த வியாபார நிறுவனம் வாங்கியது.

முதலாளி போனார், கடையும் போயிற்று என்று ஒரே வரியில் சொல்லிவிடத் தோன்றும். அது முழு உண்மையாகாது. வாங்கியவர்களின் கடன் சுமை பெரிது. 2008-க்குப் பின் அயர்லாந்தில் நில விலை சரிந்து ஊரே பணமுடையில் கிடந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த மலிவு விலைக் கடைகள் பக்கத்துக்குப் பக்கம் முளைத்திருந்தன. அந்த அலையில் க்வின்னே இருந்திருந்தாலும் தத்தளித்திருப்பார். குடை பிடிப்பதற்கும் பை போடுவதற்கும் சம்பளம் யார் கொடுப்பது என்ற கேள்வி, விலைப் போட்டி கழுத்தை நெரிக்கும்போது எந்தக் கடையிலும் எழும். ஆனாலும் ஒன்று. அன்றைய லாபத்தை விட்டுக்கொடுக்கிற துணிச்சல், தம் சொந்தப் பணத்தை விட்டுக்கொடுக்கிறவருக்கே எளிது. வட்டி கட்ட வேண்டிய பங்காளிகளுக்குப் பதில் சொல்கிற மேலாளருக்கு அது எளிதல்ல. இந்த இடத்தில் தெருவில் சொந்தக் கடை வைத்திருக்கிற நம் அன்பர்கள், பெரிய கம்பெனிக் கடைகளைவிட ஒரு படி மேலே நிற்கிறார்கள் என்பது என் எண்ணம்.

2014 பிப்ரவரியில் சூப்பர்க்வின் பெயர்ப் பலகைகளை இறக்கிவிட்டு, மஸ்கிரேவ் தன் 'சூப்பர்வேல்யூ' பலகையை ஏற்றியது. அந்தக் கடைகளில் தயாரித்து வந்த சாசேஜ் என்ற இறைச்சிப் பண்டத்துக்கு மட்டும் பழைய பெயரை மாற்றவில்லை. சூப்பர்க்வின் சாசேஜ் என்று கேட்டு வாங்குகிறவர்கள் அப்போதும் இருந்தார்கள்.