பதினான்கு பேரும் ஒன்பது மூட்டைகளும்

நாங்கள் வேலணையைச் சேர்ந்தவர்கள். ஒரே வளவில் மூன்று வீடுகள், ஒரே கிணறு. அம்மம்மா, அம்மப்பா, பெரியம்மா குடும்பம், நாங்கள், சித்தி குடும்பம் என்று பதினைந்து பேர் இருந்தோம். தெருவுக்கு வந்தபோது பதினான்கு பேரானோம். அந்தக் கதையை எழுதும்படி சித்திதான் என்னைக் கேட்டார். பல சகோதரிகளுக்கு இது தங்கள் கதையாகவும் இருக்கும்.

உலையில் அரிசி வெந்த நேரம்

1990 ஓகஸ்டில் இராணுவம் ஊர்காவற்றுறையில் இறங்கியது. ஷெல் சத்தம் நெருங்கியபோது எங்கள் வீட்டில் மத்தியானச் சோறு வெந்துகொண்டிருந்தது. வடிக்கவும் நேரமில்லை. கட்டிய துணியோடு கரைக்கு ஓடி, வள்ளத்தில் கடல்நீரேரியைக் கடந்து அராலிப் பக்கம் சேர்ந்தோம். கன்றுத்தாய்ச்சி மாட்டை அவிழ்த்துவிட்டு வருவதாகச் சித்தப்பா பின்தங்கினார். "நீங்கள் பிள்ளையளோட போங்கோ, நான் பின்னால வாறன்" என்றார். அவர் வரவில்லை.

கொக்குவிலில் உறவினர் வீட்டு விறாந்தையில் தங்கினோம். அங்கிருந்து சித்தி ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். போன இடமெல்லாம் ஒரே கேள்விதான்: "அவர் உங்கட கணவர் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?" விவாகப் பதிவு, அவருடைய பிறப்புப் பதிவு, காணி உறுதி எல்லாமே வேலணை வீட்டு றங்குப்பெட்டிக்குள் இருந்தன. கைக்குழந்தையோடு நின்ற பெண்ணின் சொல் அங்கே போதவில்லை.

அம்மம்மாவின் பங்கீடு

1995 யூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வலிகாமம் மேற்கிலிருந்து சனம் எங்கள் வாசலால் போவதைப் பார்த்த அம்மம்மா, அன்றிரவு ஜாம்போத்தல் விளக்கடியில் எல்லோரையும் கூப்பிட்டார். "இந்த முறை வெறுங்கையோட போகக்கூடாது. ஆர் எதைத் தூக்கிறது எண்டு இப்பவே சொல்லிப்போடுவம்" என்றார்.

ஒன்பது மூட்டைகள் கட்டினோம். அரிசி, பருப்பு, ஒடியல் மா, பனங்கட்டி ஆகியவை பெரியம்மாவின் பொறுப்பு. சமைக்காமலே சாப்பிடலாம் என்று புழுக்கொடியலும் பொரிவிளாங்காயும் தனிப் பையில் வைத்தோம். பெரிய பானைக்குள் சின்னப் பானையும் அதற்குள் அகப்பையும் நெருப்புப்பெட்டியும் இருந்தன. பழைய சேலைகளைக் கிழித்துப் பெண்பிள்ளைகளின் மாதாந்தத் தேவைக்கென்று அம்மா ஒரு பொதி கட்டினார். ஆண்களிடம் வெளியே சொல்லாத அந்தப் பொதிதான் பிறகு எத்தனையோ பேருக்கு உதவியது.

உரப்பையால் தைத்த ஆவணப் பையைத் தான்தான் சுமப்பேன் என்று சித்தி கேட்டு வாங்கினார். ஐந்து வருடங்களில் அலைந்து பெற்ற பிரதிகள் அதில் இருந்தன. பெட்டி தொலைந்தாலும் இலக்கம் தொலையக்கூடாது என்று, எல்லோருடைய பதிவு இலக்கங்களையும், உறுதியின் இலக்கம், ஆண்டு, எழுதிய நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினார்.

சின்னவர்களுக்கும் வேலை இருந்தது. ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். அவர்களுடைய சட்டைகளின் உட்பக்கத்தில் பெயர், தகப்பன் பெயர், ஊர் எழுதிய துணித்துண்டுகளை அம்மா தைத்துவிட்டார். யாராவது பிரிந்துபோனால் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலடியில் வந்து நிற்பது என்று முடிவாயிற்று. அதைச் சின்னவர்கள் தினமும் படுக்குமுன் ஒப்புவிக்க வேண்டும். நாங்கள் அதை விளையாட்டாகத்தான் எடுத்தோம்.

செம்மணி வெளி

ஒக்டோபர் 30ஆம் திகதி மாலை, வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறும்படி ஒலிபெருக்கி அறிவித்தது. லட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் தெருவில் இறங்கியது. மழை பெய்தது. மூன்று சைக்கிள்களில் மூட்டைகள், ஒன்றின் கரியரில் அம்மம்மா. சாதாரண நாளில் ஒன்றரை மணித்தியாலத்தில் போகும் சாவகச்சேரிக்கு, செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் அடி அடியாக நகர்ந்து மறுநாள் பின்னேரந்தான் சேர்ந்தோம்.

பாலத்தைக் கடந்து எண்ணிப் பார்த்தபோது பதின்மூன்று பேர்தான். ஒன்பது வயதுத் தம்பியைக் காணவில்லை. அம்மா திரும்பிப் போக வெளிக்கிட்டார். அந்தச் சன வெள்ளத்தில் எதிர்த்துப் போக வழியில்லை. "சித்தப்பாவைப் போலவே இவனுமோ" என்று எல்லோருடைய மனதிலும் ஓடியது. ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. சித்திதான் அம்மாவின் கையைப் பிடித்து, "அக்கா, அவனுக்குக் கோயில் தெரியும். நாங்கள் அங்க போவம்" என்றார்.

மூன்றாம் நாள் காலை, முன்பின் தெரியாத ஒரு ஆச்சி அவனைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலடிக்கு வந்தார். சட்டைத் துணியைக் காட்டி, கோயிலின் பெயரை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தானாம். தண்ணீர்ப் போத்தலும் கையில் இருந்தது. அம்மா அவனுக்கு ஒரு அடி போட்டுவிட்டுத்தான் கட்டிப்பிடித்து அழுதார்.

பை இரண்டானது

1996 ஏப்ரலில் தென்மராட்சியையும் இராணுவம் பிடித்தபோது குடும்பம் இரண்டாகியது. பெரியம்மா குடும்பம் கிளாலியால் வன்னிக்குப் போனது. நாங்கள் வலிகாமத்துக்குத் திரும்பினோம். அதற்கு முன் சித்தி அந்தக் கொப்பியை ஒரு இரவு முழுவதும் இருந்து பார்த்தெழுதி, ஒன்றைப் பெரியம்மாவின் மூட்டைக்குள் வைத்தார். 2009இல் முள்ளிவாய்க்கால்வரை போய் எல்லாவற்றையும் இழந்து முகாமுக்கு வந்த பெரியம்மாவின் பிள்ளைகளுக்கு, எங்களிடம் இருந்த மற்றக் கொப்பியைக் கொண்டுதான் பிறப்புப் பதிவுகளை மீளப் பெற்றோம்.

உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்கான வழிகாட்டிக் கோட்பாடுகளை ஐக்கிய நாடுகள் சபை 1998இல் வெளியிட்டது. மொத்தம் முப்பது. பதினேழாவது, பிரிந்த குடும்பங்களை விரைவில் ஒன்றுசேர்க்க வேண்டும் என்கிறது. இருபதாவது, இழந்த ஆவணங்களை அதிகாரிகள் மீளத் தரவேண்டும், பெண்களுக்கு அவற்றைத் தம் சொந்தப் பெயரிலேயே பெறும் சம உரிமை உண்டு என்கிறது. இதை வாசித்துக் காட்டியபோது சித்தி, "எட்டு வருசம் முந்தி வந்திருக்கலாம்" என்றார். காணாமல் போனவரை இறந்தவர் என்று பதியாமல், "காணவில்லை" என்றே பதியும் சான்றிதழும் இலங்கையில் 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தோடுதான் வந்தது.

உங்கள் வீட்டிலும்

போர் முடிந்துவிட்டது. ஆனால் வெள்ளமும் புயலும் சொல்லிவிட்டு வருவதில்லை. 2004 மார்கழியில் கடல் வந்ததை நாம் மறக்கவில்லை. ஆகவே சகோதரிகளே, இந்த வாரமே குடும்பமாக இருந்து ஒரு கொப்பியில் எல்லோருடைய பதிவு இலக்கங்களையும் உறுதி இலக்கத்தையும் எழுதுங்கள். உறுதி தொலைந்தாலும் அந்த இலக்கம் இருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். இன்னொரு கொப்பி வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு முழுப்பெயர், ஊர், ஒரு தொலைபேசி இலக்கம், சந்திக்கும் இடம் ஆகியவற்றைச் சொல்லிக்கொடுங்கள். எல்லாவற்றையும் ஒருத்தி தலையில் சுமத்தாதீர்கள். ஆளுக்கொன்றாகப் பகிருங்கள்.

நாங்கள் இப்போது வேலணையில் இருக்கிறோம். அம்மம்மா இல்லை. சித்தியின் தலைமாட்டில் அந்த உரப்பை இன்னும் தொங்குகிறது. சித்தப்பாவின் படம் ஒன்றும் மிஞ்சவில்லை. அவருடைய பெயரும் பிறந்த திகதியும் கொப்பியின் முதலாவது பக்கத்தில் இருக்கின்றன.