மும்பையில் ஒரு ராத்திரி: கிங்ஸ் சர்க்கிளில் தங்குங்கள்

தமிழ்நாட்டிலிருந்து குஜராத், ராஜஸ்தான் பக்கம் ரயிலில் போகிறவர்களுக்கு மும்பையில் ஒரு ராத்திரி தங்க வேண்டிவருவது சகஜம். நாகர்கோவில் ரயில் சி.எஸ்.எம்.டி.க்கு (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) வருகிறது. திருநெல்வேலியிலிருந்து வரும் சாளுக்யா எக்ஸ்பிரஸ் தாதரோடு சரி. கோயம்புத்தூர் வண்டி குர்லா டெர்மினஸில் நின்றுவிடுகிறது. அடுத்து ஏற வேண்டிய வண்டியோ பாந்த்ரா டெர்மினஸிலோ மும்பை சென்ட்ரலிலோ கிளம்பும்.

இப்படி வழிப்பயணிகளுக்கு இடம் கொடுப்பது துறைமுக ஊர்களுக்குப் பழைய வேலைதான். பம்பாயில் கப்பலேறிச் சீமைக்குப் போனவர்கள், போர்ட் செய்டில் கப்பல் நிலக்கரி ஏற்றும் நேரத்தில் கரையிறங்கி ஊர் பார்த்தார்கள். அவசரக்காரர்கள் மார்சேயில் இறங்கி ரயில் பிடித்தார்கள். எழுபது, எண்பதுகளில் வளைகுடா வேலைக்காக பம்பாய் வந்த நம்மவர்களில் பலருக்கு ஒரு ராத்திரித் தங்கல் மாதக்கணக்கில் நீண்டதும் உண்டு.

இன்று மும்பையில் ஒரு ராத்திரி தங்க நேர்ந்தால் டெர்மினஸ் வாசலிலேயே லாட்ஜ் தேடாதீர்கள். மாட்டுங்காவில் இருக்கும் கிங்ஸ் சர்க்கிளுக்கு வாருங்கள். இங்கே மூன்று லோக்கல் ரயில் பாதைகள் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. சென்ட்ரல் லைனில் மாட்டுங்கா, வெஸ்டர்ன் லைனில் மாட்டுங்கா ரோடு, ஹார்பர் லைனில் கிங்ஸ் சர்க்கிள். மாட்டுங்காவும் மாட்டுங்கா ரோடும் ஒரே ஸ்டேஷன் அல்ல. தண்டவாளங்களுக்கு மேலே போகும் நடைமேம்பாலம் வழியாகக் கடக்க வேண்டும். பெரிய பெட்டி இருந்தால் டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஸ்டேஷன்களில் ஸ்லோ வண்டியைத்தான் நம்பலாம். கிங்ஸ் சர்க்கிளில் அந்தேரி பக்கம் போகும் ஹார்பர் வண்டி ஏறினால் மாஹிம், அடுத்தது பாந்த்ரா. மும்பை சென்ட்ரலுக்கு மாட்டுங்கா ரோடிலிருந்து நேராகப் போகலாம்.

ஆட்டோ விஷயத்தில் மட்டும் கவனம். குர்லாவிலிருந்து வரும் ஆட்டோ சயானோடு நின்றுவிடும். தெற்கே வர அதற்கு அனுமதி இல்லை. அங்கிருந்து டாக்ஸிதான். மாட்டுங்கா குடியிருப்புப் பகுதி என்பதால் லாட்ஜ்கள் குறைவு, முன்பதிவு அவசியம். கிடைக்காவிட்டால் தாதரில் தங்கிவிட்டு, சாப்பிட மட்டும் இங்கே வரலாம்.

பம்பாயில் 1896-இல் பிளேக் வந்த பிறகு நெரிசலைக் குறைக்க 1898-இல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைந்தது. அது திட்டமிட்டு விரித்த பகுதிதான் மாட்டுங்கா. ஆபீஸ் வேலைக்கு வந்த தென்னிந்தியக் குடும்பங்கள் இங்கே குடியேறின. பின்னாலேயே கோயில், மெஸ், பள்ளிக்கூடம், சபா எல்லாம் வந்தன. 1963-இல் திறந்த ஷண்முகானந்தா அரங்கம் 1990-இல் தீக்கிரையாகி, புதிதாகக் கட்டப்பட்டு 1998-இல் மீண்டும் திறந்தது. மாலையில் அங்கே கச்சேரி இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் மாட்டுங்கா மார்க்கெட் போதும். நெருக்கிக் கட்டிய மல்லிகைச் சரம், வாழை இலைக் கட்டு, முருங்கைக்காய், அப்போது அரைத்த காபிப் பொடி. பல கடைகளில் தமிழிலேயே விலை கேட்கலாம்.

சாப்பாடுதான் இந்த இடத்தின் பெரிய ஆறுதல். இரண்டு நாள் ரயில் சாப்பாட்டுக்குப் பிறகு, மாட்டுங்கா ஸ்டேஷன் அருகே 1942 முதல் இருக்கும் ராம நாயக்கின் உடுப்பி போர்டிங்கில் இலை போட்டு உட்காருங்கள். ரசம் ஊற்ற ஒருவர், கூட்டு வைக்க ஒருவர் என்று வந்துகொண்டே இருப்பார்கள். கூட்ட நேரத்தில் காத்திருக்க வேண்டும், காத்திருக்கலாம், தகும். 1940-இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ் கிங்ஸ் சர்க்கிளிலேயே இருக்கிறது. இரண்டுக்கும் வாராந்தர விடுமுறை உண்டு, கேட்டுக்கொண்டு போங்கள். விடியற்காலை வண்டி பிடிப்பவர்களுக்கு ராம் ஆஷ்ரயா என்ற உணவகமே சரி. பொழுது புலரும் முன்பே இட்லி கிடைக்கும்.

தனியாக வரும் பெண்களுக்கு ஒரு தகவல்: மாட்டுங்கா ஸ்டேஷன் 2017 முதல் முழுக்கப் பெண் ஊழியர்களால் நடத்தப்படுகிறது. எல்லோருக்கும் இன்னொன்று: லோக்கல் ரயில்கள் ராத்திரி ஏறத்தாழ ஒரு மணிக்கு ஓய்ந்து நாலு மணிவாக்கில்தான் மீண்டும் ஓடும். அந்த இடைவேளையில் கிளம்ப வேண்டியிருந்தால் டாக்ஸியை முதல் நாளே பேசி வையுங்கள்.

மழைக்காலத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. பலத்த மழையும் கடலேற்றமும் சேர்ந்தால் கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பகுதியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். சயான் பக்கம் தண்டவாளமே மூழ்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அடுத்த வண்டிக்கு முந்தைய இடைவெளியைத் தாராளமாக விட்டு டிக்கெட் எடுங்கள்.