வருகைப்பதிவு எடுக்காத வகுப்பறை

பிளஸ் டூ முடிவுகள் வரும் மே மாதத்தில் சென்னை, கோவை, திருச்சி என்று எந்த ஊருக்குப் போனாலும் ஒரு விளம்பரம் தவறாமல் கண்ணில் படும்: ‘ஜெர்மனியில் இலவசப் பட்டப்படிப்பு.’ விளம்பரத்தில் பொய் இல்லை. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. விதிவிலக்குகள் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து இளநிலைப் படிப்புக்கு அவர்களிடம் செமஸ்டருக்கு 2,000 அல்லது 3,000 யூரோ வாங்குகிறது. மற்ற இடங்களில் செமஸ்டர் பங்களிப்பு என்று சில நூறு யூரோ கட்டினால் போதும். பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

2023-24 கல்வியாண்டில் ஏறத்தாழ 49,000 இந்தியர்கள் அங்கே படித்தார்கள். வெளிநாட்டு மாணவர்களில் அவர்களே அதிகம். இவர்களில் பெரும்பகுதியினர் இங்கே பி.இ. முடித்துவிட்டு முதுநிலை படிக்கப் போனவர்கள். பதினெட்டு வயதில் இளநிலைக்குப் போகிறவர்கள் ஒரு சிறு பங்குதான். முதுநிலை படித்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை நம்பித் தம்பியை இளநிலைக்கு அனுப்புவது பல குடும்பங்களில் நடக்கிறது. இரண்டு படிப்புக்கும் பாதையே வேறு. முதுநிலையில் ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புகள் ஏராளம். அரசுப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்போ பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். பணமாக வாங்காத கட்டணத்தை அந்த நாடு மொழியாக வாங்கிக்கொள்கிறது. இதை வீட்டில் எல்லோரும் உணர்ந்த பிறகே பிள்ளை பெட்டி கட்ட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

நம் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் அங்கே நேரடி அனுமதிக்குப் போதாது. ஜேஇஇ அட்வான்ஸ்டில் தேறியவர் பொறியியல், அறிவியல் படிப்புகளுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முதலாண்டை வெற்றிகரமாக முடித்தவர் அதே துறையில் விண்ணப்பிக்கலாம். மற்றவர்கள் ‘ஸ்டூடியன்கோலெக்’ என்ற ஓராண்டு ஆயத்தப் படிப்பைக் கடக்க வேண்டும். பொறியியலுக்குப் போகிறவர் அங்கே கணிதம், இயற்பியல், வேதியியல் போன்றவற்றோடு ஜெர்மனும் படிப்பார். பாடங்கள் எல்லாமே ஜெர்மன் வழியில். உள்ளே நுழையவே மொழியிலும் கணிதத்திலும் தேர்வு வைப்பார்கள். அதற்கே ஜெர்மன் மொழியில் பி1, பல இடங்களில் பி2 நிலை வேண்டும். ஆண்டு முடிவில் இன்னொரு பெரிய தேர்வு. “ஒரு வருஷம் வீணாப்போகுதே” என்று வீட்டில் புலம்புகிறார்கள். என்னைக் கேட்டால், மொத்தப் படிப்பிலும் மிகவும் பயனுள்ள ஆண்டு அதுதான். ஏற்கெனவே தெரிந்த கணிதத்தைப் புது மொழியில் கேட்டுப் பழக ஓராண்டு கிடைப்பது பெரிய வரம். அந்த ஆண்டைத் தவிர்த்து நேரடியாக உள்ளே போகிறவர்களுக்குப் புது மொழியும் புதுப் பாடமும் ஒரே நேரத்தில் தலையில் விழும்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு, அவர்களின் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். அதற்கு 18,000 ரூபாய். விசாவுக்கு முன் ‘பிளாக்டு அக்கவுண்ட்’ என்ற முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்கான பணத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. ரூபாயில் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். போட்ட பணத்தை மாதம் 992 யூரோவாகத்தான் எடுக்க முடியும். அறை வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டுக்கே மாதம் 120 யூரோவுக்கு மேல் போகும். மியூனிக் போன்ற ஊரில் ஓர் அறைக்கு 700, 800 யூரோ கேட்பார்கள். அங்கே இந்தத் தொகையில் மாதத்தை ஓட்டுவது கடினம். மாணவர் விடுதிகள் மலிவுதான், ஆனால் காத்திருப்போர் பட்டியல் நீளம். விண்ணப்பம் போடும்போதே விடுதிக்கும் எழுதி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

போய் இறங்கி ஒரு வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் நிர்வாக அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். ‘ஆன்மெல்டுங்’ என்று மாணவர்கள் சொல்வது இதைத்தான். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல் பதிய முடியாது. இந்தப் பதிவு முடிந்தால்தான் வரி எண்ணும் பிற வேலைகளும் நகரும். அங்கே அரசும் பல்கலைக்கழகமும் காப்பீட்டு நிறுவனமும் பேசுவது பெரும்பாலும் தபாலில். கதவில் இருக்கும் தபால் பெட்டியில் மாணவரின் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கேட்டும் ஒரு கடிதம் வரும். புரியாத மொழியில் இருக்கிறதே என்று ஓரமாக வைத்துவிட்டால், அடுத்த கடிதம் அபராதத்தோடு வரும். கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் பழக்கம் இல்லாத தலைமுறை நம் பிள்ளைகள். இதைக் கற்றுக்கொடுத்து அனுப்ப வேண்டும்.

இனி வகுப்பறை. குளிர்கால செமஸ்டரின் வகுப்புகள் பொதுவாக அக்டோபர் நடுவில் தொடங்கும். பல துறைகள் அதற்கு முன்பே செப்டம்பரில் கணித ஆயத்த வகுப்பு நடத்துகின்றன. மதிப்பெண் கிடையாது, கட்டாயமும் கிடையாது. தயங்காமல் போக வேண்டும். முதல் நண்பர்கள் கிடைப்பது அங்கேதான்.

நூற்றுக்கணக்கானோர் உட்காரும் படிக்கட்டு அரங்கம். காலை 10 மணி என்று அட்டவணையில் இருந்தால் பல பல்கலைக்கழகங்களில் 10.15-க்குத் தொடங்கும். தொண்ணூறு நிமிடம் பேராசிரியர் பலகையில் எழுதிக்கொண்டே போவார். முடிந்ததும் மாணவர்கள் கைதட்டமாட்டார்கள், மேசையை விரல் முட்டியால் தட்டுவார்கள். வருகைப்பதிவு கிடையாது. வராதவரை யாரும் தேடுவதில்லை, வீட்டுக்கு யாரும் போன் செய்வதில்லை. 75 சதவீத வருகை, இன்டர்னல் மார்க், டியூஷன் என்று ஒவ்வொரு நாளும் யாராவது தள்ளிவிட்ட பிள்ளைக்கு முதலில் இது விடுதலையாகத் தெரியும். நவம்பர் பிறந்ததும் அதுவே பெரும் சுமையாகிவிடும்.

காரணம், வாராவாரம் வரும் பயிற்சித்தாள். கணிதம், கணினி அறிவியல், இயற்பியல் போன்ற துறைகளில் நான்கைந்து கணக்குகள் கொண்ட ஒரு தாளைக் கொடுப்பார்கள். ஒரு வாரத்தில் செய்து ஒப்படைக்க வேண்டும். பல பாடங்களில் செமஸ்டர் முழுவதுமான பயிற்சித்தாள் மதிப்பெண்ணில் பாதியாவது எடுத்தால்தான் இறுதித் தேர்வு எழுதவே அனுமதி. விடையைப் போட்டுக் கட்டம் கட்டும் கணக்குகள் இல்லை இவை. ‘நிறுவுக’ என்று கேட்பார்கள். பிளஸ் டூவில் 200 கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பழகிய கை, ஒரே ஒரு கணக்கின் முன்னால் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அப்படி உட்கார்ந்திருப்பதுதான் அங்கே படிப்பு. நம் பிள்ளைகளுக்கு அறிவு குறைவில்லை. இந்த வகைப் பொறுமையை நம் பள்ளிகள் பழக்கவில்லை, அவ்வளவுதான். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

தாளை இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து செய்ய அனுமதிப்பார்கள். இங்கேதான் மொழி வந்து நிற்கிறது. ஜெர்மன் மாணவர்களோடு மேசையில் உட்கார்ந்து “இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது?” என்று வாய்விட்டுக் கேட்கத் தெரிந்தவர் மூன்றாவது வாரத்தில் ஒரு குழுவில் இருப்பார். கேட்கத் தெரியாதவர் அறைக்குப் போய்த் தனியாகப் போராடுவார். கூட இருக்கும் இந்தியர்கள் நல்ல துணைதான். ஆனால் குழு முழுக்க நம்மவர்களாகவே இருந்துவிட்டால் மொழி வளராது. மொழி வளராவிட்டால் பேராசிரியர் சொன்னதில் பாதி கைநழுவும். துறையின் மாணவர் மன்றத்தை ‘ஃபாக்ஷாஃப்ட்’ என்பார்கள். பழைய வினாத்தாள்களைப் பல இடங்களில் அவர்கள்தான் சேர்த்து வைத்திருப்பார்கள். புதியவர்களுக்கு விருந்தும் ஊர் சுற்றலும் ஏற்பாடு செய்வதும் அவர்களே. கூச்சத்தால் அந்த முதல் வாரத்தைத் தவறவிடுவது பெரிய இழப்பு.

வகுப்புகள் பிப்ரவரி தொடக்கத்தில் முடிந்ததும் தேர்வுக்காலம். ஒவ்வொரு தேர்வுக்கும் மாணவரே குறித்த நாளுக்குள் இணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். மறந்தால் எழுத முடியாது. 1.0 மிக உயர்ந்த மதிப்பெண், 4.0 தேர்ச்சியின் எல்லை, 5.0 என்றால் தோல்வி. “1.3 வாங்கினேன்” என்று பிள்ளை சொன்னால் பெற்றோர் பதற வேண்டாம், மகிழ வேண்டும். பெரும்பாலான இடங்களில் ஒரு பாடத்தை மூன்று முறைதான் எழுதலாம். கட்டாயப் பாடத்தில் மூன்றாவது முறையும் தோற்றால் பெயரை நீக்கிவிடுவார்கள், அதே படிப்பை அந்த நாட்டின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. நம் ஊரில் அரியர் வைத்து அரியர் எழுதித் தேறும் வழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் இந்த விதியைப் போவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். முதல் தேர்வில் தோற்பது அங்கே சாதாரணம், ஜெர்மன் மாணவர்களும் தோற்கிறார்கள். தோற்றதை வீட்டில் மறைத்து இரண்டாவது முறையும் தனியாகவே போய் மோதுவதுதான் ஆபத்து.

சாப்பாட்டுக்கு மதியம் ‘மென்சா’ என்ற பல்கலைக்கழக உணவகம். மாணவர் விலையில் மூன்று, நான்கு யூரோவுக்கு வயிறு நிறையும். சைவத்துக்குத் தனி வரிசை உண்டு, காரம்தான் இருக்காது. இரவுச் சமையல் விடுதியின் பொதுச் சமையலறையில். தாளிக்கும் புகைக்கு அலாரம் அலறும். இரவு 10 மணிக்கு மேல் மிக்ஸி ஓட்டினால் கதவைத் தட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே பாலும் காய்கறியும் வாங்கி வைக்க வேண்டும். அரிசி, பருப்பு, கறிவேப்பிலைக்குப் பல நகரங்களில் ஈழத் தமிழர்களின் கடைகள் இருக்கின்றன. 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்து அந்த மண்ணில் காலூன்றியவர்கள் அவர்கள். ஹம் நகரில் அவர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது. அதன் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவெங்கும் இருந்து ஆயிரக்கணக்கானோர் திரளுகிறார்கள். தமிழ்நாட்டு மாணவர்கள் அங்கே போக வேண்டும். எதுவும் இல்லாமல் வந்து அந்த மொழியைக் கற்று வாழ்ந்து காட்டியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

டிசம்பரில் எட்டு மணிக்கு மேல் விடிந்து, நான்கு மணி வாக்கில் இருட்டிவிடும். அங்கே இரவு எட்டரை என்றால் இங்கே நள்ளிரவு ஒரு மணி. அம்மாவோடு பேச நேரம் பொருந்தாது. இந்த மாதங்களில் மனம் சோர்ந்து படுக்கையிலேயே கிடக்கும் பிள்ளைகள் உண்டு. மாணவர் நலச் சேவை அமைப்பு நடத்தும் மனநல ஆலோசனை பெரும்பாலும் கட்டணமின்றியே கிடைக்கிறது. அதை நாடுவதில் எந்தக் குறையும் இல்லை.

பகுதிநேர வேலை செய்தே சமாளித்துவிடலாம் என்பது அடுத்த நம்பிக்கை. 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர உழைப்பு என்று போட்டுப் பார்த்தால் 900 மணி நேரம். கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு நள்ளிரவில் வந்து பயிற்சித்தாளை விரிக்கும் முதலாண்டு மாணவர் எவ்வளவு காலம் தாங்குவார்? முதல் இரண்டு செமஸ்டருக்கான பணத்தை வீடு ஏற்றுக்கொள்ள வேண்டும். முடியாதென்றால் இங்கே இளநிலையை முடித்து, முதுநிலைக்கு அனுப்புவதே நல்லது. பட்டம் பெற்றவருக்கு வேலை தேட அந்த நாடு 18 மாதம் வரை தங்க அனுமதி தருகிறது. முதுநிலை முடித்தவருக்கும் அதே வாய்ப்பு உண்டு.

பெற்றோரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். சொல்லப்படும் பல்கலைக்கழகம் அரசுடையதா, தனியாருடையதா என்று நீங்களே பாருங்கள். ஆங்கிலத்திலேயே படிக்கலாம் என்று முகவர் சொல்லும் இடம் பல நேரங்களில் ஆண்டுக்குப் பல லட்சம் கேட்கும் தனியார் நிறுவனமாக இருக்கும். பிளஸ் ஒன்னிலேயே பிள்ளையை ஜெர்மன் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். சென்னையில் கதே நிறுவனத்தின் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது, மற்ற ஊர்களிலும் ஆசிரியர்கள் கிடைக்கிறார்கள். பி2 சான்றிதழ் கைக்கு வரும்வரை எந்த முகவரிடமும் முன்பணம் கொடுக்காதீர்கள்.