‘லேசாத்தான் ஷாக் அடிக்குது’ என்று விட்டுவிடாதீர்கள்!

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி கொல்லிமலைக்குப் போனால் மிளகுக் கொடியும் பலா வாசனையும் வரவேற்கும். மார்கழிக் குளிருக்கு அங்கே வெந்நீர் இல்லாமல் முடியாது. ஈரத் தரை, ஈரக் கை, ஹீட்டர்... ஆபத்து ஆரம்பிப்பது இங்கேதான்!

‘‘தொட்டா சுருக்குங்குது. செருப்பு போட்டுக்கிட்டா சரியாயிடுது’’ என்பவரா நீங்கள்? அந்த ‘சுருக்’, மின்சாரம் கசிகிறது என்பதற்கான எச்சரிக்கை. 15 வாட்ஸ் பல்பு எரியத் தேவைப்படுவது சுமார் 65 மில்லி ஆம்பியர்தான். அந்த அளவு மின்சாரம் சில விநாடிகள் நெஞ்சு வழியே பாய்ந்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடலாம்.

‘‘எங்க வீட்லதான் எர்த் போட்டிருக்கே!’’ என்கிறீர்களா? கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் அனுப்புவதுதான் எர்த் கம்பியின் வேலை. மூன்று முள் பிளக்கில் நீளமான, தடித்த முள் அதற்கானதுதான். ஆனால், கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும் மலைப் பகுதியில் மண் மின்சாரத்தைச் சுலபமாக வாங்கிக்கொள்ளாது. எர்த்தின் தடை 50 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர்கூட ஓடாது. 15 ஆம்பியர் ஃபியூஸ் எப்படிப் போகும்? ஹீட்டரின் உடம்பில் மின்சாரம் அப்படியே நிற்கும்!

என்ன செய்யலாம்?

* ஆழமாகக் குழாய் இறக்க முடியாத இடத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட எர்த் குழிகள் தோண்டி இணைக்கச் சொல்லுங்கள். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

* எலெக்ட்ரீஷியனிடம் மீட்டர் வைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

* மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்துங்கள். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இல்லையென்றால், கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். எர்த் சுமாராக இருந்தாலும் இது காப்பாற்றும். அதற்காக எர்த்தை விட்டுவிடக் கூடாது. மாதம் ஒருமுறை அதன் ‘டெஸ்ட்’ பட்டனை அழுத்திப் பாருங்கள்.

* ஹீட்டர், ஃபிரிஜ், கிரைண்டர், வாஷிங்மெஷினின் மூன்றாவது முள்ளை ஒருபோதும் வெட்டாதீர்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால் பதறிப்போய்த் தொடாதீர்கள்! முதலில் மெயினை அணையுங்கள். மூச்சு இல்லையென்றால் 108-ஐ அழைத்துவிட்டு, நடு நெஞ்சில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை வேகமாக அழுத்திக்கொண்டே இருங்கள். மலைப் பாதையில் ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும். அதுவரை அந்த உயிர் உங்கள் கையில்தான்.

அந்த நிலைமை வராமலிருக்க, இன்றைக்கே போர்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்களேன்!